பட்சி சொல்வதைக் கேட்கலாமா?

பூமியின் நடுவயிற்றைச் சுற்றி ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலை, பள்ளம், கடல் எதுவும் இல்லாத வழவழப்பான உருண்டை அது. கயிற்றின் நீளம் சுமார் 40,000 கிலோமீட்டர். இப்போது கயிற்றை ஓரிடத்தில் வெட்டி, ஒரே ஒரு மீட்டர் நீளமுள்ள துண்டு ஒன்றை ஒட்டுப் போடுகிறோம். கயிறு கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அந்தத் தளர்வை உருண்டை முழுவதும் சமமாக நிரவிவிட்டால், கயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும்?

கணக்குப் போடாதீர்கள். முதலில் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். இடைவெளியில் ஒரு தலைமுடி நுழையுமா? ஓர் எறும்பு? நான் கேட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் "காகிதம்கூட நுழையாது" என்றார்கள். 40,000 கிலோமீட்டருக்கு முன்னால் ஒரு மீட்டர் எந்த மூலைக்கு?

விடை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். பூனை கொஞ்சம் குனிந்தால் நுழைந்து போய்விடலாம். வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப் போல சுமார் 6.28 மடங்கு. ஆகவே சுற்றளவில் ஒரு மீட்டர் கூடினால், ஆரம் அந்த ஒரு மீட்டரை 6.28ஆல் வகுத்த அளவு கூடும். வட்டம் பெரியதா சிறியதா என்ற கேள்விக்கே இந்தக் கணக்கில் இடமில்லை. கால்பந்தைச் சுற்றிய கயிற்றில் ஒரு மீட்டர் சேர்த்தாலும் இடைவெளி அதே 16 சென்டிமீட்டர்தான் கூடும்.

இந்தக் கணக்கு எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். காகிதத்தில் எழுதிக் காட்டவும் முடியும். ஆனாலும் மனதுக்குள் உட்கார்ந்திருக்கும் பட்சி இன்னும் "நுழையாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கணக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அந்தப் பட்சியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. யோசித்து எட்டிய முடிவு என்றால் காரணம் சொல்வோம். யோசிக்காமலேயே வந்து நிற்கும் முடிவுக்குக் காரணம் கேட்டால் "என்னவோ, மனதில் பட்டது" என்போம். இரண்டாவதுதான் உள்ளுணர்வு. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. அறிவியலில் பழகுகிறவர்கள் வளர்த்துக்கொள்ளும் சந்தேகம் ஒன்று. இன்னும் நிரூபணம் ஆகாத கருத்தை விரட்டிவிடாமல் திண்ணையிலாவது உட்காரவைக்கும் மனப்பாங்கு மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை என்பதுபோல் பலர் பேசுகிறார்கள். சந்தேகப்படுகிறவன் எதையும் நம்பாத வறட்டு மனிதன், உள்ளுணர்வை மதிப்பவன் மூடநம்பிக்கைக்காரன், புதியதற்கு இடம் கொடுப்பவன் ஏமாளி என்று ஆளுக்கு ஒரு பட்டம் கட்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில், மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் வேலையே நடக்கிறது.

பட்சிக்கு எப்படித் தெரிந்தது?

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் கேரி கிளைன் பதிவுசெய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு வீட்டின் சமையலறைப் பக்கம் தீ. குழுவின் தலைவர் தம் ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீரைப் பீய்ச்சினார். அடங்கவில்லை. மறுபடியும் பீய்ச்சினார். அப்போதும் அது எதிர்பார்த்தபடி அடங்கவில்லை. சட்டென்று அவருக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில், நின்றிருந்த இடத்தில் தரை இடிந்து உள்ளே போனது. உண்மையான தீ சமையலறையில் இல்லை. அவர்கள் காலடியில், நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு நிலவறை இருப்பதே அவருக்குத் தெரியாது.

தமக்கு ஏதோ அதீத சக்தி இருப்பதாகவே அந்தத் தலைவர் நம்பினார். மேற்கில் இதை ஆறாவது புலன் என்பார்கள். தமிழில் ஆறாவது அறிவு என்றால் பகுத்தறிவு என்று பொருள். நம் சொல்தான் இங்கே சரியாகப் பொருந்துகிறது என்பது போகப் போகத் தெரியும்.

கிளைன் அந்தப் பதிலோடு விடவில்லை. அந்த அறையில் என்னென்ன பார்த்தீர்கள், என்ன கேட்டது, எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். சிறிய சமையலறைத் தீ என்றால் அவ்வளவு தண்ணீருக்கு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அறையின் வெப்பமோ அப்படிப்பட்ட தீக்கு மிகவும் அதிகம். அவ்வளவு வெப்பம் தரும் தீ இரைச்சல் போட வேண்டும், ஆனால் அறை அமைதியாக இருந்தது. இடையில் இருந்த தரை இரைச்சலை அமுக்கிவிட்டது. பல வருடங்களாகத் தீயோடு பழகிய மனம், தெரிந்த தீ எதனோடும் இது பொருந்தவில்லை என்பதைக் கண்டுகொண்டது. எப்படிக் கண்டுகொண்டோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சதுரங்கத்திலும் இதைப் பார்க்கலாம். வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆட்டத்தின் நடுவில் காய்கள் நிற்கும் பலகையை ஐந்து வினாடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். கைதேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டங்களில் வைத்தார். புதியவரால் நான்கைந்துதான் முடிந்தது. இதுவரை வியப்பில்லை. அடுத்து, அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினார்கள். இப்போது கைதேர்ந்தவரும் கிட்டத்தட்டப் புதியவர் நிலைக்கே வந்துவிட்டார். அவருக்கு இருந்தது அசாத்திய நினைவாற்றல் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் கண்டு பழகிய அமைப்புகளை முகம் பார்த்து அடையாளம் சொல்வதுபோலச் சொன்னார். தெரிந்த முகம் இல்லாத கூட்டத்தில் அவர் என்ன செய்வார்? உள்ளுணர்வு என்பதே இப்படி அடையாளம் காணும் வேலைதான் என்பது சைமனின் வாதம்.

அப்படியானால் எப்போது பட்சியை நம்பலாம்? இதற்கு நான் பார்த்ததில் உருப்படியான பதில் 2009இல் வந்தது. நிபுணர்களின் உள்ளுணர்வைக் கொண்டாடும் கிளைனும், உள்ளுணர்வு எப்படியெல்லாம் கவிழ்க்கிறது என்பதையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த டேனியல் கானமனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை போட உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போய்விட்டார்கள். அவர்கள் சொன்ன நிபந்தனைகள் இரண்டு. நீங்கள் பழகும் உலகில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். உங்கள் கணிப்பு சரியா தவறா என்பது உங்களுக்குத் திரும்பத் திரும்பத் தெரியவர வேண்டும், அதுவும் தாமதமில்லாமல். தீக்கு ஒழுங்கு உண்டு, சதுரங்கத்துக்கும் உண்டு. தப்பு செய்தால் உடனே சுடும், அல்லது ராணி போகும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்குத் தாம் செய்ததன் விளைவு நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. பத்து வருடங்களில் உலக அரசியல் எப்படி மாறும் என்று சொல்பவருக்கு இந்த இரண்டுமே கிடையாது. அவருடைய பட்சியும் அதே உறுதியோடு பேசும். அங்கேதான் சிக்கல். உறுதி எவ்வளவு என்பதை வைத்து உண்மை எவ்வளவு என்று அளக்க முடியாது.

பூமியைச் சுற்றிய கயிற்றை யாரும் கையால் தளர்த்திப் பார்த்துப் பழகவில்லை. அதனால்தான் அங்கே பட்சி உளறுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. பழைய நண்பரை நினைக்கிறோம், அடுத்த நிமிடம் அவரிடமிருந்தே அழைப்பு. உடம்பு சிலிர்க்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று பிறருக்குச் சொல்லிவிடுவோம். நமக்கே நடக்கும்போது அப்படித் தோன்றுவதில்லை. நினைத்தும் அழைப்பு வராத நூறு தடவைகளை மனம் கணக்கில் வைப்பதில்லை. நினைக்காதபோது வந்த அழைப்புகளையும் வைப்பதில்லை. நான் சில மாதங்கள் ஒரு சிறு குறிப்பேட்டில், இது நடக்கும் என்று மனதில் பட்டதையெல்லாம் நடப்பதற்கு முன்பே தேதி போட்டு எழுதி வந்தேன். பிறகு எடுத்துப் படித்தபோது திகைப்பாக இருந்தது. பாதிக்கு மேல், அப்படி ஒன்று மனதில் பட்டதே எனக்கு நினைவில்லை. நினைவிருந்தவை பெரும்பாலும் பலித்தவை. மனம் அடித்துத் திருத்திய கணக்கு, மை உலராமல் கண்முன் கிடந்தது.

ஒரு சிறுமியும் ஓர் அட்டைத் தடுப்பும்

சந்தேகப்படுவது என்றால் முகத்தைச் சுளித்து "அதெல்லாம் சும்மா" என்று சொல்வதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அதற்கு அறிவியல் தேவையில்லை, சோம்பல் போதும். சந்தேகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒரு பள்ளிச் சிறுமி.

மனித உடலைச் சுற்றி ஓர் ஆற்றல் புலம் இருக்கிறது, உடலைத் தொடாமல் கைகளை அருகில் வைத்தே அதை உணரலாம், சீர்செய்யலாம் என்று சொல்லும் ஒரு சிகிச்சை முறை 1970களில் அமெரிக்காவில் தோன்றியது. செவிலியர் பலர் அதைக் கற்றுக்கொண்டார்கள். புலத்தை உணர்வதாக உளமாரச் சொன்னார்கள். எமிலி ரோசாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி அறிவியல் திட்டத்துக்காக அவள் யோசித்தது இதுதான்: உணர முடியும் என்றால், கண்ணால் பார்க்காமலும் உணர முடிய வேண்டும், இல்லையா?

ஒரு மேசை. நடுவில் உயரமான அட்டைத் தடுப்பு, அடியில் கைகளை நீட்டத் துளைகள். சிகிச்சையாளர் ஒரு பக்கம் அமர்ந்து, இரு கைகளையும் உள்ளங்கை மேலே தெரியும்படி மறுபக்கம் நீட்டுவார். எமிலி ஒரு நாணயத்தைச் சுண்டுவாள். பூவா தலையா என்பதைப் பொறுத்து அவருடைய இடது கைக்கோ வலது கைக்கோ சற்று மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கருவி, அவ்வளவுதான் சோதனை.

21 பேர் கலந்துகொண்டார்கள். மொத்தம் 280 முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே 140 முறை சரியாக வரும். அவர்களுக்கு வந்தது 123. இந்த முடிவு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானபோது எமிலிக்கு வயது 11.

அந்தச் சோதனையில் நான் ரசிப்பது முடிவை இல்லை. எமிலி அவர்களைக் கேலி செய்யவில்லை. பொய் சொல்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, அது உண்மையானால் வேறு என்ன நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். உண்மையாக இருந்திருந்தால் 280க்கு 270 வந்திருக்கலாம், உலகமே வியந்திருக்கும். அந்த வாய்ப்பைச் சோதனை மூடிவைக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிகிச்சை பெறுபவருக்கு ஆறுதல் கிடைக்கிறதா என்பதை இது சோதிக்கவில்லை. ஒருவர் பக்கத்தில் பரிவோடு அமர்ந்தாலே ஆறுதல்தான். புலத்தை உணர முடிகிறது என்ற கூற்று மட்டும் மேசைக்கு வந்தது, அது மட்டும் விழுந்தது. அளவறிந்து பேசும் சந்தேகம் இப்படித்தான் இருக்கும்.

பிறர் சொல்வதைச் சந்தேகிப்பது எளிது. தன் கருத்தைச் சந்தேகிக்க முதுகை வளைக்க வேண்டும். இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஒரு விளையாட்டை யாரிடமாவது ஆடிப் பாருங்கள். நான் மனதில் ஒரு விதி வைத்திருக்கிறேன். அந்த விதிக்குப் பொருந்தும் மூன்று எண்கள்: 2, 4, 6. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லலாம். பொருந்துகிறதா இல்லையா என்று நான் சொல்வேன். விதி புரிந்துவிட்டது என்று தோன்றும்போது அதைச் சொல்லுங்கள்.

பெரும்பாலோர் 8, 10, 12 என்பார்கள். பொருந்துகிறது. 20, 22, 24? பொருந்துகிறது. 100, 102, 104? அதுவும். "கண்டுபிடித்துவிட்டேன், இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்!" தவறு. விதி, முன்னதைவிடப் பின்னது பெரியதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 50 என்றாலும் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் 1, 2, 50 என்று கேட்க வேண்டுமானால், தன் ஊகம் உடைகிறதா என்று தானே தட்டிப் பார்க்கும் எண்ணம் வர வேண்டும். நமக்கு வருவதோ தட்டிக்கொடுக்கும் எண்ணம். எத்தனை முறை "ஆம்" கிடைத்தது என்று எண்ணிக்கொண்டே போகிறோம், "இல்லை" வரக்கூடிய ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல்.

சந்தேகத்துக்கு அளவும் உண்டு. தெருவில் நாய் போனது என்று ஒருவர் சொன்னால் தலையாட்டிவிடுவேன். ஒட்டகச்சிவிங்கி போனது என்றால் புகைப்படம் கேட்பேன். ஒட்டகச்சிவிங்கி பறந்து போனது என்றால் புகைப்படமும் போதாது. மூவருமே நேர்மையானவர்கள்தான். ஆனால் சொல்லப்படுவது நாம் அறிந்த உலகத்தோடு எவ்வளவு மோதுகிறதோ, அவ்வளவுக்குச் சான்றும் கனமாக இருக்க வேண்டும்.

சந்தேகப்படுகிறவர்களும் வழுக்கி விழுவது உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வானத்திலிருந்து கல் விழுகிறது என்று விவசாயிகள் சொன்னபோது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் பலர் சிரித்தார்கள். எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1794இல், விழுவது உண்மை, அவை பூமிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்று எழுதினார். அவரையும் நம்பவில்லை. 1803இல் பிரான்சின் லெய்க்ல் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன. ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற விஞ்ஞானி நேரில் போய், கற்களைச் சேகரித்து, பார்த்தவர்களை விசாரித்து அறிக்கை கொடுத்தார். அதன் பிறகு சிரிப்பு அடங்கியது. முன்பு சிரித்தவர்கள் செய்த பிழை சந்தேகப்பட்டது அன்று. எழுந்து போய்ப் பார்க்காதது.

இன்னும் தெரியவில்லை என்ற மூன்றாவது பெட்டி

பள்ளியில் நாம் பழகியது இரண்டு பெட்டிகள்: சரி, தவறு. நிரூபணம் ஆகாத ஒன்றைக் கண்டதும் அவசரமாக ஏதாவது ஒரு பெட்டியில் போட்டு மூடப் பார்க்கிறோம். "நிரூபிக்கப்படவில்லை" என்பதும் "தவறு என்று நிரூபிக்கப்பட்டது" என்பதும் வேறு வேறு. முதல் வகையை வைக்க மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும். அந்தப் பெட்டியை எப்படிப் பராமரிப்பது என்பதற்கு, கண்டங்கள் நகர்ந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆல்ஃபிரட் வெகனர் ஜெர்மனியின் வானிலை அறிஞர். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் கிழித்த காகிதத்தின் இரு பாதிகளைப் போலப் பொருந்துவது அவருக்கு உறுத்தியது. கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தன என்று 1912இல் பேசினார், 1915இல் புத்தகமாக எழுதினார். வரைபடப் பொருத்தத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மெசோசாரஸ் என்ற சிறு நன்னீர் ஊர்வனவின் புதைபடிவம் அந்த இரு கண்டங்களிலும் கிடைத்தது. அது அட்லாண்டிக்கை நீந்திக் கடந்திருக்க வழியில்லை. இன்று வெயில் கொளுத்தும் நிலங்களில் பழைய பனியாறுகள் பாறையைக் கீறிய தடங்கள் கிடந்தன. இத்தனையையும் ஒரே நூலில் கோத்தார்.

புவியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இந்தக் கதையை வழக்கமாக, மேதையைப் புரிந்துகொள்ளாத முட்டாள் கூட்டம் என்ற பாணியில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்டங்களை எது தள்ளியது என்ற கேள்விக்கு வெகனர் சொன்ன விடைகள், பூமியின் சுழற்சியால் வரும் விசையும் அலையேற்ற விசையும். இங்கிலாந்தின் ஹெரால்ட் ஜெஃப்ரிஸ் கணக்குப் போட்டு, அந்த விசைகள் மிக மிகப் பலவீனமானவை என்று காட்டினார். ஜெஃப்ரிஸின் கணக்கு சரி. கிரீன்லாந்து வருடத்துக்குப் பல மீட்டர் நகர்கிறது என்று வெகனர் நம்பினார். கண்டங்கள் உண்மையில் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கின்றன, ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகம். ஆக, அவருடைய மையக் கருத்து சரி, இயந்திரம் தவறு, வேகமும் தவறு. அன்று எதிர்த்தவர்களின் கேள்விகள் நியாயமானவை. கேள்வி கேட்டதோடு கதவையும் சாத்தியவர்கள்தான் தோற்றார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் வெகனர்கூட இல்லை, ஆர்தர் ஹோம்ஸ். பாறைகளின் வயதைக் கணக்கிடுவதில் முன்னோடி. பூமியின் உட்புறப் பாறை, வெப்பத்தால் மிக மெதுவாகச் சுழன்று புரண்டு, மேலே உள்ள கண்டங்களை இழுத்துச் செல்லலாம் என்று 1920களின் இறுதியிலேயே சொன்னார். இன்றைய விளக்கத்துக்கு மிக நெருக்கமான யோசனை அது. அதைத் தம் பாடநூலில் எழுதும்போதே, தேவைக்கு ஏற்ப உருவாக்கிய இப்படிப்பட்ட ஊகத்துக்குத் தனிச் சான்று கிடைக்கும்வரை அறிவியல் மதிப்பு இல்லை என்றும் எழுதிவைத்தார். தம் சொந்தக் கருத்தைப் பற்றி! யோசனையைக் கைவிடவும் இல்லை, அதற்குக் கிரீடம் சூட்டவும் இல்லை. மூன்றாவது பெட்டியில் வைத்து, மேலே தெளிவாகச் சீட்டு ஒட்டினார்.

வெகனர் 1930இல் கிரீன்லாந்தின் பனிவெளியில் இறந்துபோனார். சான்று வந்தது 1960களில், யாரும் எதிர்பாராத கடலடியிலிருந்து. ஹாரி ஹெஸ் 1962இல், கடலின் நடுவே ஓடும் மலைமுகட்டில் கடலடித் தரை புதிதாகப் பிறந்து இருபுறமும் விரிகிறது என்ற கருத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஃபிரெடரிக் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் இருவரும் கடலடிப் பாறையில் பதிந்திருந்த காந்தக் கோடுகளை அதன் தடயமாக விளக்கினார்கள். முகட்டின் இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே வரிசையில் கோடுகள். அதன்பின் சில வருடங்களிலேயே துறை மொத்தமும் மனம் மாறியது.

"வெகனரையும் பார்த்துத்தான் சிரித்தார்கள்" என்பது இன்று எதை விற்பவருக்கும் கைவந்த வாதம் ஆகிவிட்டது. சிரிக்கப்பட்டதாலேயே ஒரு கருத்து உயர்ந்துவிடாது. பிரான்சின் ரெனே பிளோண்ட்லோ 1903இல் 'என் கதிர்கள்' என்ற புதுவகைக் கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். 'என்' (N) என்பது அவர் வாழ்ந்த நான்சி (Nancy) நகரத்தின் முதலெழுத்து. பிற விஞ்ஞானிகளும் பார்த்ததாகச் சொன்னார்கள். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1904இல் அவருடைய ஆய்வகத்துக்குப் போனார். சோதனை நடந்தது இருட்டறையில். கதிர்களைப் பிரித்துக் காட்டும் முப்பட்டகத்தை வுட் ஓசைப்படாமல் எடுத்துவிட்டார். அது இல்லாமலே அளவீடுகள் முன்போலவே வந்துகொண்டிருந்தன. இதை வெளியிலிருந்து வந்த ஒருவர் செய்ய வேண்டியிருந்தது. முப்பட்டகத்தை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது பிளோண்ட்லோவுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நடத்தையை 2011இல் பார்த்தோம். ஐரோப்பாவில் 730 கிலோமீட்டர் தூரம் பூமிக்குள் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை அனுப்பிய ஒரு குழுவுக்கு, அவை ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்து சேர்ந்ததாகக் கணக்கு வந்தது. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைனைத் தோற்கடித்துவிட்டோம் என்று அவர்கள் பறையடிக்கவில்லை. மாதக்கணக்கில் தேடியும் பிழை தென்படவில்லை, நீங்களும் பாருங்கள் என்று உலகத்தின் முன் வைத்தார்கள். அடுத்த ஆண்டு பிழை பிடிபட்டது. ஓர் ஒளியிழைக் கம்பியின் இணைப்பு சரியாகப் பொருத்தப்படவில்லை. பலர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கென்னவோ மரியாதைதான் வந்தது.

மூன்றாவது பெட்டியில் ஒன்றை வைக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று இருக்கிறது: எது நடந்தால் இதைக் கைவிடுவேன்? விடை இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எது நடந்தாலும் கைவிட மாட்டேன் என்று தோன்றினால், நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஆகிவிட்டது. அது பெட்டியில் வைக்கும் பொருளாக இல்லை. கூடவே இன்னொரு எச்சரிக்கை: ஒரு கருத்துக்கு மனதில் இடம் கொடுப்பது வேறு, உயிரையே அதன் கையில் கொடுப்பது வேறு. நிரூபணமாகாத மருந்தைப் பற்றி ஆர்வமாகப் படிக்கலாம். அதை நம்பி, பலன் தெரிந்த சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

நூறு வருடங்களுக்கும் முந்திய பட்சி ஒன்று

1913 ஜனவரியில் சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், நிரூபணம் ஏதும் இல்லை. சில ஏற்கெனவே தெரிந்தவை. சில, ஹார்டி வாழ்நாளில் பார்த்திராதவை. நாமகிரித் தாயார் கனவில் வந்து காட்டியவை என்று ராமானுஜன் சொல்வார். எங்கிருந்து வந்தன என்பது ஹார்டிக்குப் பிரச்சினையாக இல்லை. பதில் கடிதத்தில் நிரூபணங்களைக் கேட்டார்.

அந்தக் கடிதத்திலேயே, ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதை மிகத் துல்லியமாகக் கணிக்கும் வழி தெரியும் என்றும் ராமானுஜன் எழுதியிருந்தார். அது சரியாக வரவில்லை. பிழை அவர் எண்ணியதைவிடப் பெரியது. அதே மனம், அதே கையெழுத்து, அதே உறுதி. பலித்தவையும் பலிக்காதவையும் உள்ளேயிருந்து அவருக்கு ஒரே மாதிரிதான் தோன்றியிருக்க வேண்டும். அவற்றைப் பிரித்துக் காட்டியது நிரூபணம் மட்டுமே.

1916இல் அவர் இன்னோர் எண்வரிசையை ஆராய்ந்தார். முடிவில்லாத ஒரு பெருக்கலை விரித்தால் வரிசையாக வரும் எண்கள் அவை: 1, கழித்தல் 24, 252, கழித்தல் 1472, 4830, கழித்தல் 6048. ஒரு காகிதத்தை எடுத்து இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் பெருக்கிப் பாருங்கள். கழித்தல் 6048, ஆறாவது எண். இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு. இப்படிச் சில ஒழுங்குகளைக் கவனித்து, இவை எப்போதும் செல்லும் என்று எழுதினார். இந்தப் பெருக்கல் ஒழுங்கை மறு ஆண்டே லூயிஸ் மோர்டெல் நிரூபித்துவிட்டார். அந்த எண்கள் எவ்வளவு வேகமாகப் பெரிதாகலாம் என்பதற்கு ராமானுஜன் குறித்த எல்லை மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. 1920இல் அவர் இறந்தார். கணிதவியலார் அதை உண்மை என்று ஏற்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. எண்ணிப் பார்த்த இடமெல்லாம் சரியாக வந்தபோதும், ஊகம் என்றே எழுதிவந்தார்கள்.

1974இல் பியர் தெலீன் அதை நிரூபித்தார். அதற்குத் தேவைப்பட்ட கணிதம் ராமானுஜன் காலத்தில் பிறந்தே இருக்கவில்லை. நிரூபணம் வந்து ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் துறையில் அதற்கு வழங்கும் பெயர் இன்றும் ராமானுஜன் ஊகம்தான்.